பட்டி மைன்ஸ்: தில்லிக் குழிகளில் ஆறு நாள்

மார்ச் 8, சனி – ஆர்.கே. புரம்

அரியலூரில் ஏறி இரண்டு இரவு ரயில். கடைசி நாள் மூன்று மணி நேரம் தாமதம். புதுதில்லியில் இறங்கும்போது முதுகு பலகை மாதிரி இருந்தது. தம்பி குடியிருக்கும் அரசுக் குடியிருப்பு ஆர்.கே. புரத்தில், இரண்டாம் மாடி. தெரு முழுக்க இலவ மரங்கள். ஓர் இலை இல்லை, கிளையெல்லாம் சிவப்புப் பூ. தடித்த பூக்கள் தார் ரோட்டில் சொத்சொத்தென்று விழுகின்றன. எங்கள் ஊரில் இலவம் என்றால் பஞ்சுதான் ஞாபகம் வரும், இப்படிப் பூத்து நான் பார்த்ததில்லை.

தில்லிக்கு வந்தால் குதுப்மினார், செங்கோட்டை என்று பட்டியல் போடுவார்கள். நான் தம்பியிடம் ஃபோனிலேயே சொல்லிவிட்டேன். "எனக்கு அந்தப் பட்டி மைன்ஸைப் பார்க்கணும்டா." அவன் சிரிக்கவில்லை. அவனும் மைன்ஸ்காரர் பிள்ளைதானே.

அப்பா எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் 31 வருடம் டிரில் அடித்தார். மதியம் சங்கு ஊதும். ஊதியதும் அம்மா கண்ணாடி டம்ளர்களை அலமாரியிலிருந்து தரையில் இறக்கி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் வெடி. தரை ஒரு முறை குலுங்கும், ஓட்டுச் சந்திலிருந்து தூசி கொட்டும். மாலையில் அப்பா புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். ஒருநாள் கையகலச் சிப்பி ஒன்றை எடுத்து வந்தார். கல்லாகிப்போன சிப்பி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அந்தச் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் கிடந்ததற்குச் சாட்சி. இன்றும் எங்கள் வீட்டுக் கதவுக்கு அதுதான் முட்டு.

அந்தக் குழியில் கல் தீர்ந்து வேலை நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தில்லியின் தெற்கு விளிம்பில் இப்படி நின்றுபோன பட்டி மைன்ஸ் குழிகளைக் காடாக மாற்றியிருக்கிறார்கள் என்று தம்பி ஒருமுறை சொன்னான். அதிலிருந்து மனசு அங்கேயே இருந்தது.

மாலை மலை மந்திர். சிறு குன்றின் மேல் சுவாமிநாதர். படி ஏறினால் காது முழுக்கத் தமிழ். பக்கத்தில் நின்ற ஒரு மாமி, முன்பின் தெரியாதவர், என் கையில் கற்கண்டு வைத்து, "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? மொகத்துல தெரியறது" என்றார். இரவு தம்பி மனைவி வெந்தயக் குழம்பு வைத்திருந்தாள். குளிர் இன்னும் போகவில்லை, கம்பளி போர்த்திப் படுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு – அசோலா

காலை ஆறரைக்குக் கிளம்பினோம்: நான், தம்பி, கல்லூரியில் படிக்கும் அவன் மகன். ஆட்டோ 320 ரூபாய். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய துப்பாக்கி சுடும் மைதானத்தைத் தாண்டினால் அசோலா பட்டி சரணாலயத்தின் வாசல். உள்ளே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் கல்வி மையம் இருக்கிறது. ஒரு நடைக் குழுவோடு சேர்ந்துகொண்டோம்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஏமாற்றம்தான். எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேல். "இதைப் பார்க்கவா அரியலூர்லேர்ந்து வந்தேன்?" என்று தம்பியிடம் சொன்னேன். வழிகாட்டிய பையன் என் முகத்தைப் படித்துவிட்டான். இங்கே இதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர், சீமைக் கருவேல் என்றே அர்த்தம். வெள்ளைக்காரர் காலத்தில் தில்லி மேட்டை அவசரமாகப் பச்சையாக்க விதைத்தது. அது வேறு எதையும் முளைக்கவிடவில்லை. எங்கள் ஊர்க் குழியைச் சுற்றிக் கொட்டிய மண்மேடுகளிலும் இதே மரம்தான், இதே முள்தான்.

கொஞ்சம் உள்ளே போனதும் காடு மாறியது. ஒரு புரச மரம் உச்சி முதல் அடி வரை காவிச்சிவப்பில் பூத்து நின்றது. அதன் கீழே பெரிய நீலான் மான் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்காத மாதிரி மேய்ந்தது. பாதை ஓர மண்ணில் சிறுத்தையின் கால்தடம் என்று பையன் காட்டினான். நாட்டின் தலைநகரத்துக்குள், மெட்ரோ ஓடும் தூரத்தில் சிறுத்தை. தம்பி மகன் உடனே குழுவின் நடுவுக்கு வந்துவிட்டான்.

அப்புறம் நீலி ஜீல். நீல ஏரி.

விளிம்பில் கால் வைத்ததும் என் கை தானாகத் தம்பி தோளைப் பிடித்தது. செங்குத்தாக வெட்டிய சுவர்கள், கீழே பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். இது இயற்கைப் பள்ளம் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுப் படிகள் எனக்குத் தெரியும். மேலே ஒரு தட்டு, இறங்கினால் இன்னொரு தட்டு, ஓரத்தில் வண்டி இறங்கிய சரிவு. எங்கள் ஊரில் சுவர் வெள்ளை. இங்கே துருப்பிடித்த சிவப்பு.

இந்த மேடு ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால். கல் குவார்ட்சைட், 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. எங்கள் சிப்பிகள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே இது கல்லாகிவிட்டது. அது நைந்து உதிர்ந்த இடங்களில் சிவந்த பருமணல் கிடைக்கும். அதற்குப் பதர்பூர் என்று பெயர், பக்கத்து ஊரின் பெயரையே மணலுக்கு வைத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் பெருகிய தில்லியின் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் கலவை மணலும் ஜல்லியும் இந்த மேட்டிலிருந்து நிறையப் போயின. தோண்டத் தோண்டக் குழி ஆழமானது. 1990-இல் குழி சரிந்து தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதோடு பட்டி மைன்ஸ் மூடப்பட்டது. 1986-இலேயே அறிவிக்கப்பட்டிருந்த அசோலா சரணாலயத்தோடு 1991-இல் பட்டியும் சேர்க்கப்பட்டது. இப்போது இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 32 சதுர கிலோமீட்டர்.

மொட்டைக் குழியில் மரம் வைக்க ராணுவம் வந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. பிரதேச சேனை என்ற பகுதிநேர ராணுவத்தின் 132-ஆவது பட்டாலியனை 2000-இல் இதற்கென்றே எழுப்பினார்களாம். மண் பிடிக்கச் சிறு தடுப்பணைகள், பிறகு நாட்டு மரக் கன்றுகள். பல வருடம் தோண்டிய இடத்தில் ஒரு கன்று வேர் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று மைன்ஸ் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேல்மண் போயிருக்கும். மிஞ்சியது கல்லும் சூடும்தான்.

ஏரிச் சுவரில் மோட்டார் வைத்து நீரை மேலேற்றி விழவைக்கும் செயற்கை அருவிகளும் இருக்கின்றன. நாங்கள் போனபோது ஓடவில்லை. எனக்கு அதில் சந்தோஷம். அந்தப் பள்ளத்தில் ஒரு மீன்கொத்தி மட்டும் கத்திக்கொண்டிருந்தது, அது போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு நஷ்டம். தம்பி மனைவி கட்டித்தந்த புளியோதரைப் பொட்டலத்தைத் திறந்தேன். அடுத்த நொடி அது என் மடியில் இல்லை. பெரிய குரங்கு ஒன்று மதில் மேல் உட்கார்ந்து, வறுத்த கடலையைத் தனியே பொறுக்கித் தின்றது. தில்லித் தெருக் குரங்குகளைப் பிடித்து இங்கே கொண்டுவந்து விடச் சொல்லி 2007-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றுக்குப் பழமும் காயும் அரசே வாங்கிப் போடுகிறது. மனிதர்கள் வேலை முடித்துப் போட்ட குழி, மனிதர்களுக்கு வேண்டாத குரங்குகளுக்கு வீடாயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் ஒரு பெண்மணி நடந்ததைப் பார்த்திருந்தார். தன் டப்பாவிலிருந்து இரண்டு மேத்தி பராட்டாவும் ஊறுகாயும் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "பஹன்ஜி, பசியோட போகக் கூடாது" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். வெந்தயக்கீரை வாசனை மாலை வரை விரலில் இருந்தது.

மார்ச் 10, திங்கள் – வீடு

குதிகால் வெடித்து ரத்தம். எங்கும் போகவில்லை.

மேல் வீட்டில் குளியலறை வேலை. மேஸ்திரி நம்மூர்க்காரர், கள்ளக்குறிச்சிப் பக்கம். இருபத்தாறு வருடமாகத் தில்லியில் இருக்கிறார். டீ கொண்டுபோய்க் கொடுத்து, பதர்பூர் மணல் பற்றிக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நான் வந்தப்பவே அந்த மைன்ஸ் மூடிட்டாங்க. ஆனா பேரு போகல. எங்கேர்ந்து வந்தாலும் பருமணல்னா பதர்பூர்தான். கட்டடத்துக்கு அது, மேல்பூச்சுக்கு ஜமுனா மணல். ரெண்டும் கலக்கத் தெரிஞ்சாத்தான் இங்க மேஸ்திரி."

குழி மூடி இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெயர் மட்டும் லாரியில் ஓடுகிறது. மத்தியானம் கால் நீட்டி உட்கார்ந்து, எங்கள் ஊர்க் குழிக்கு வந்த வேலைகளை எல்லாம் தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள், ஒரு தடவைதான் அங்கே வந்திருக்கிறாள்.

மைன்ஸ் நின்ற முதல் மழையிலேயே அடியில் தண்ணீர் தேங்கியது. மூன்றாம் வருடம் அது கோடையிலும் வற்றவில்லை. முதலில் ஆடு மாடு குடித்தது. பிறகு பெண்கள் துணி துவைத்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. யாரோ மீன் குஞ்சு விட்டார்கள், சித்திரையில் ஊரே இறங்கி மீன் பிடித்தது. பக்கத்து வயல்காரர் டீசல் மோட்டார் வைத்துப் பருத்திக்கு இறைத்தார். லாரி கழுவினார்கள். ஒரு காலத்தில் அப்பா நின்று டிரில் அடித்த தட்டில் உட்கார்ந்து பையன்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். அப்புறம் ஊர்க் குப்பை ஒரு மூலையில் விழ ஆரம்பித்தது. போன ஐப்பசி மழையில் விளிம்பு கரைந்து இரண்டு ஆடுகள் விழுந்தன. வேலி இல்லை.

"அண்ணி, அப்ப அது யாரோடது?" என்று கேட்டாள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் கேட்டது அதை இல்லை என்பதும் தெரிந்தது.

ராத்திரி ஏழு ரூபாய்க்கு ஒன்று என்று கீழே வண்டிக்காரரிடம் வேகவைத்த பூரி மாதிரி எதையோ வாங்கி வந்தான் தம்பி மகன். குல்ச்சாவாம். கூட வெள்ளைப் பட்டாணிச் சுண்டல், மேலே இஞ்சித் துருவல். நன்றாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய் – துக்ளகாபாத், லால் குவான்

பகல் 30 டிகிரி தாண்டிவிட்டது. காலையில் ஸ்வெட்டர், பதினொரு மணிக்கு அது சுமை. துக்ளகாபாத் கோட்டை, நுழைவுச் சீட்டு 25 ரூபாய். தம்பிக்கு அலுவலகம், அதனால் தம்பி மனைவி வந்தாள்.

1321-இல் கியாசுதீன் துக்ளக் தொடங்கிய ஊர். சில வருடங்களிலேயே காலியாகிவிட்டது. மேட்டின் கல்லையே வெட்டி மேட்டின் மேலேயே அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு மாட்டு வண்டி நீளம். கோட்டைக்குள் பெரிய பள்ளங்கள் கிடக்கின்றன. நீர்த்தேக்கம் என்று பலகை சொல்கிறது. அவற்றின் சுவரைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: கல்லை எடுத்த இடத்தில் தண்ணீரை நிறுத்துவது எழுநூறு வருடங்களுக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்த வேலை. எடுத்துவிட்டுச் சும்மா விட்டுப்போவதுதான் நம் காலத்துப் பழக்கம்.

இடிந்த சுவரொன்றின் உள்வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். உடைகல்லுக்கு நடுவே வெள்ளைச் சாந்து, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. சுண்ணாம்பு! யமுனைச் சமவெளியில் கங்கர் என்று ஒரு கல் மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும், நம் சுக்கான்கல்தான். காளவாயில் அதைச் சுட்டு நீற்றித்தான் அந்தக் காலத்துச் சாந்து. தில்லிக் கல் எவ்வளவு கடினமாக இருந்தால் என்ன, ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க அதற்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. தம்பி மனைவி தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

வெளியே மெஹ்ரோலி–பதர்பூர் ரோட்டில் இலந்தைப் பழம், நம்மூர் கொய்யா அளவு, கால் கிலோ 30 ரூபாய். உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே ஆட்டோ தேடினோம். லால் குவான் என்றதும் இரண்டு பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் வந்தார். "அங்க பார்க்க என்ன இருக்கு?" என்று வழியெல்லாம் கேட்டார்.

பார்க்க ஒன்றும் இல்லைதான். லால் குவான் என்றால் சிவப்புக் கிணறு. நெருக்கமான வீடுகள், கறிக்கடை, மொபைல் ரீசார்ஜ் கடை, பின்னால் வெட்டுப்பட்ட மேடு. ஒரு காலத்தில் இங்கே கல் உடைக்கும் கிரஷர்கள் வரிசையாக ஓடின. குவார்ட்சைட் என்பது கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. உடைக்கும்போது கிளம்பும் மெல்லிய தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, வடுவாகிவிடும். சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. இருமலும் இளைப்பும் காசநோய் மாதிரியே இருப்பதால் வருடக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்றவர்கள் உண்டு. 1992-இல் உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-க்குள் தில்லியின் கிரஷர்களை நிறுத்தி, ஹரியானாவில் பாலி என்ற இடத்துக்கு மாற்றச் சொன்னது. தில்லியின் காற்றுக்கு அது நல்லது. ஆனால் உள்ளே போன தூசி, தீர்ப்பு வந்த தேதியில் நின்றுவிடாது. கிரஷர் போன பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இந்தச் சந்துகளில்தான் இருந்தார்கள்.

டீக்கடையில் ஒரு பெரியவர் இரண்டு படி ஏற மூன்று முறை நின்றார். காரணம் எனக்குத் தெரியாது, கேட்கவும் மனம் வரவில்லை. கடைக்காரப் பையன் ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்து, டீயை ஆற்றிக் கொடுத்தான். பெரியவரிடம் காசு வாங்கவில்லை.

அப்பாவின் தூசி சுண்ணாம்புத் தூசி. அவரும் இருமினார், ஆனால் எழுபத்தெட்டு வயது வரை சைக்கிள் மிதித்தார். கல்லின் சாதியைப் பொறுத்து ஒரு மனிதனின் ஆயுள் மாறுவதை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, புதன் – சஞ்சய் காலனி

முனிர்காவில் மெட்ரோ ஏறி, ஹவுஸ் காஸில் மாறி, சத்தர்பூரில் இறங்கினோம். அங்கிருந்து ஃபதேபூர் பேரி வழியாகப் பட்டிக்கு ஆட்டோ. போகும்போது 250. பண்ணைவீட்டு மதில்கள் முடிந்ததும் ரோடு மோசமாகி, காட்டின் விளிம்பில் ஓர் ஊர்.

இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஓட் மக்கள். மண் தோண்டுவதுதான் பரம்பரைத் தொழில். குளம், கிணறு, கால்வாய். தேசப் பிரிவினையில் சிந்து, முல்தான் பக்கமிருந்து அகதிகளாக வந்தவர்கள், தெரிந்த வேலை இருந்த பட்டிக் குழிகளில் இறங்கினார்கள். நம் ஊரில் கிணறு வெட்டிக் கல் உடைக்கும் போயர் குடும்பங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஓட் மக்கள் தங்களைப் பகீரதன் வம்சம் என்று சொல்கிறார்கள். இங்கே பகீரத நகர் என்றே ஒரு குடியிருப்பு இருந்தது. கங்கையைக் கொண்டுவர பகீரதன் பட்ட பாட்டை நாம் "பகீரதப் பிரயத்தனம்" என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். அந்தப் பெயரைக் குலப்பெயராகச் சுமக்கிறவர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் போனது தண்ணீர் டேங்கர் வந்த நேரம். நீல டிரம்கள் சந்து முழுக்க. பகீரதன் பேரப்பிள்ளைகள் குழாய் வைத்துத் தண்ணீருக்கு முட்டி மோதுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஓரமாக ஒதுங்கி நின்ற எங்களை ஒரு பாட்டி உள்ளே கூப்பிட்டார். கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னார். யார், எதற்கு என்றெல்லாம் அப்புறம்தான் கேட்டார். என் அப்பா மைன்ஸில் வேலை பார்த்தார் என்று தம்பி மனைவி மொழிபெயர்த்ததும் பாட்டி என் வலது கையை எடுத்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். வாத்தியார் கை என்று தெரிந்துவிட்டது போலும், தன் கையை விரித்துக் காட்டினார். விரல் மூட்டுகள் நிமிரவில்லை.

"வீட்டுக்காரர் கீழே வெட்டுவார். நான் சலிப்பேன். கழுதை மேலே கொண்டுபோகும். கழுதைக்கு வழி தெரியும், தானே போய்த் தானே திரும்பி வரும். பெரிய பிள்ளையைக் குழி மேட்டிலே தொட்டில் கட்டிப் போட்டேன்." இவ்வளவையும் அடுப்பில் டீ வைத்துக்கொண்டே சொன்னார். சரிவு நடந்த அன்றைக்கு அவர் வேறு குழியில் இருந்தாராம். அதைப் பற்றி மேலே பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மைன்ஸ் மூடியதும் தொழில் போனது. சரணாலயம் என்று ஆனதும் இருப்பிடமே கேள்வியாயிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் சரணாலயத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னது. பகீரத நகர் இடிக்கப்பட்டது. சஞ்சய் காலனி இன்னும் நிற்கிறது, எப்போது வரும் என்று தெரியாத நோட்டீஸோடு. பாட்டியின் மகன் இப்போது டெம்போ ஓட்டுகிறார், மருமகள் வீட்டிலேயே தையல் வேலை. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல். "எங்க காட்டுல எத்தனை பறவை இருக்குன்னு இவ பேர் பேரா சொல்வா" என்றார் பாட்டி. எங்கள் காடு என்றுதான் சொன்னார்.

சிறுத்தை திரும்பியது எனக்கு மகிழ்ச்சி. நீல ஏரி, புரசம்பூ, ராணுவம் நட்ட மரம், எல்லாமே மகிழ்ச்சி. ஆனால் இந்த நகரத்தின் சுவர்களுக்கு மணல் அள்ளிக் கொடுத்தவர்களைக் காட்டுக்கு எதிரியாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களைவிட இந்த மண்ணை அறிந்த காவலர்கள் கிடைக்க மாட்டார்கள். வழிகாட்டியாகவோ நாற்றங்காலிலோ அந்தப் பேத்திக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். இதை நான் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தம்பி மனைவியிடமே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஹோலிக்கு இரண்டு நாள்தான். பாட்டி ஒரு டப்பாவில் குஜியா போட்டுக் கொடுத்தார். நம் சோமாசிதான், உள்ளே கோவா. வெறுங்கையோடு போயிருந்தேன், பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பேத்தி அங்கேயே ஒன்றைக் கடித்து, சத்தம் கேட்டுச் சிரித்தாள்.

திரும்ப ஆட்டோ கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் நடந்தோம். குதிகால் மறுபடி வெடித்தது. பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, எங்கள் நிலைமையைப் பார்த்து, மெயின் ரோட்டுக்குப் போய் ஓர் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் 400 கேட்டார், கொடுத்தோம்.

மார்ச் 13, வியாழன் – வசந்த் விஹார், பிறகு ரயில்

மாலை வண்டி. காலையில் தம்பி லீவு போட்டுவிட்டு, "அக்கா, ஒண்ணு பாக்கி இருக்கு" என்று கூட்டிப்போனான். வசந்த் விஹார் பக்கத்து ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. இதுவும் பழைய குழிக்காடுதான். மண்ணும் கல்லும் வெட்டி எடுத்துவிட்டுப் போட்ட மேட்டை, 2004 வாக்கில் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டலில் இயங்கிய குழுவும் எடுத்துக்கொண்டு, ஆரவல்லிக்கே உரிய மரங்களாகத் தேடி வைத்தார்கள். சீமைக்கருவேலை ஒரேயடியாக வெட்டாமல், அதன் நிழலிலேயே நாட்டு மரங்களை வளர்த்து, அவை தலையெடுத்த பிறகு கிளை கிளையாகக் கழிக்கும் முறை. அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது.

ஒரு குழிக்குள் பெரணித் தோட்டம். படி இறங்க இறங்கக் காற்று குளிர்ந்தது. மேலே வெயில், கீழே ஈரம். வெட்டுச் சுவரில் பாசி, பாறை இடுக்கெல்லாம் பெரணி. ஆழமான குழி என்பதால் வெயிலும் அனல்காற்றும் உள்ளே இறங்காது. தோண்டியவர்கள் யோசித்திராத ஒரு பயன்.

தம்பி கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சங்கு ஊதினா நீ என் காதைப் பொத்துவே. உன் காதைப் பொத்த உனக்குக் கை இருக்காது" என்றான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ரயில் ஏறியதும் நோட்டை எடுத்தேன். எங்கள் ஊர்க் குழிக்காக மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு. கிழக்கே வேலி, மேற்கே இறங்கப் படி, குப்பை கொட்டத் தடை, சீமைக்கருவேலுக்குப் பதில் வேம்பும் வெள்வேலும். கடைசியாக, அங்கே வேலை பார்த்தவர்களின் பெயர் எழுதிய ஒரு கல். பெயர்களுக்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ஆக்ரா தாண்டி ஃபோன் போட்டேன். டிரில் அடித்தவர்கள், வெடிமருந்து வைத்தவர், கல் பொறுக்கிய பெண்கள், சங்கு ஊதியவர் என்று அம்மா வீடு வீடாகப் போய் வருகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். பதினேழாவது பெயரில் சிக்னல் போனது. குவாலியரில் வண்டி நின்றதும் மறுபடி கூப்பிட்டேன். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.